சிவமலருக்குச் சொல்லாதது

“அக்னெஸ் அக்கா, எங்கட ஜேர்மன் டொக்டருக்குப் பொன்னாடை போர்த்தப் போறம். அவவின்ர வாழ்க்கைக் குறிப்பை நீங்கள்தான் எழுதி வாசிக்கோணும்” என்று கஜந்தினி ரெலிபோனில் சொன்னபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கஜந்தினி மொன்றியல் தமிழ்ப் பெண்கள் வட்டத்தின் செயலாளர். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கையில் ஏந்தி எடுத்தவர் அந்த டொக்டர்தான். “நாலு நிமிசம் போதும் அக்கா. கூடினால் சனம் சாப்பாட்டுக்கு எழும்பிடும்.”

ஓம் என்று சொல்லிவிட்டேன். இருபத்தொரு வருடம் அந்த டொக்டரின் கிளினிக்கில் ரெலிபோன் எடுத்து, பைல் அடுக்கி, தமிழ்ப் பெண்களுக்கு மொழிபெயர்த்தவள் நான். என்னை விட்டால் வேறு யாரிடம் கேட்பார்கள்? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருந்தால் ஆறு வருடத்துக்கு முன்பே சொல்லியிருப்பேன்.

ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். ஹனலோர விற்கம்ப். 1948இல் ஜேர்மனியில் பிரேமன் நகரத்துக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். தகப்பன் மாட்டு வைத்தியர். மருத்துவம் படித்து, ஒரு எஞ்சினியரைக் கட்டி, 1977இல் அவரோடு மொன்றியலுக்கு வந்தார். இங்கே அவருடைய ஜேர்மன் பட்டத்தை ஒருவரும் மதிக்கவில்லை. பகலில் ஒரு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவி, பின்னேரங்களில் பிரெஞ்சு படித்து, எல்லாச் சோதனைகளையும் மறுபடி எழுதினார். சோதனை பாஸானபோது புருசன் வேறொருத்தியோடு போய்விட்டார். டொக்டர் திரும்பிப் போகவில்லை. “பாஸான பிறகு எதற்குப் போவது?” என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். என்னை எப்போதும் ஃபிராவ் அக்னெஸ், அதாவது திருமதி அக்னெஸ், என்றுதான் கூப்பிடுவார்.

பிறகு இருபத்தைந்து வருடம் பிரசவம் பார்த்தார். அறுபது வயதில் அதை நிறுத்திவிட்டு கோட்-டெ-நெய்ஜ் வட்டாரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த தன் கிளினிக்கோடு நின்றுகொண்டார். இரண்டு அறை, ஒரு காத்திருக்கும் இடம், எந்நேரமும் இரைகிற ஒரு ஹீற்றர். இரும்புக் கருவியை உள்ளே விடுவதற்கு முன்பு சுடுநீரில் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார். பெண்கள் படுத்திருக்கும்போது எந்தச் செய்தியும் சொல்ல மாட்டார். எழுந்து, உடுத்து, கதிரையில் இருந்த பிறகு, தான் அவர்களை விட உயரம் குறைந்த, பதிவான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வார். கெட்ட செய்தியை ஒரே வசனத்தில் சொல்வார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவருக்குப் பதினைந்து வயதில் தாய்க்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அந்தக் காலத்து ஜேர்மன் டொக்டர், தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டு அவருக்கு மட்டும் சொன்னாராம். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தாய்க்கு மட்டும் தெரியாது. அவர் அடுத்த மாரிக்கென்று தனக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாராம். “அவள் பின்னுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஃபிராவ் அக்னெஸ். என்னுடைய நோயாளி எவளையும் அப்படி விடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்” என்றார். இதைச் சொன்னது 2001இல். அதனால் எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவே முடியாது.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்ததும் ஜேர்மன் மொழியால்தான். எண்பத்து நாலில் நானும் என் புருசன் யோசெப்பும் கிழக்கு பேர்லின் வழியாக ஓடி வந்து ஜேர்மனியில் அகதி அந்தஸ்துக் கேட்டவர்கள். பதினொரு வருடம் அங்கே இருந்துவிட்டுத்தான் கனடாவுக்கு வந்தோம். யோசெப்புக்கு டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை கிடைத்தது. எனக்கு பிரெஞ்சு ஓடவில்லை, இங்கிலிசும் அரைகுறை. ஜேர்மன் மட்டும் தண்ணீர் மாதிரி வரும். டொக்டர் பத்து நிமிடம் என்னோடு ஜேர்மனில் கதைத்துவிட்டு, “திங்கட்கிழமை வாருங்கள்” என்றார். அன்றிலிருந்து பிரெஞ்சோ இங்கிலிசோ தெரியாத தமிழ்ப் பெண் ஒருத்தி வந்தால் டொக்டர் ஜேர்மனில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். அந்த அறையில் இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய பெருமையாக இருந்தது.

இவ்வளவும் எழுதி, இரண்டு நிமிடத்துக்கு மேல் தேறாது என்று கணக்குப் பார்த்தேன். மிச்சம் எழுத முடியவில்லை.

வியாழக்கிழமைகளில் நான் டொக்டரைப் பார்க்கப் போவது வழக்கம். கிளினிக்கை மூடிய பிறகும் அதே கோட்-டெ-நெய்ஜில் ஒரு அப்பார்ட்மென்ற்றின் நாலாம் மாடியில் தனியாக இருக்கிறார். உறைப்புப் போடாமல் மீன் கட்லட் செய்து கொண்டுபோவேன். ஆறு வருடமாகக் கட்லட் கொடுத்துப் பாவம் கழுவப் பார்க்கிற பெண் என்று என்னை நானே திட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

அந்த வியாழக்கிழமை பொன்னாடை விசயத்தைச் சொன்னேன்.

“பொன்னாடை என்றால்?”

“சால்வை. மேடையில் தோளில் போர்த்துவார்கள். எங்களிடம் அது பெரிய மரியாதை.”

டொக்டர் கட்லட்டைத் தட்டில் வைத்தார். “அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் இருக்க வேண்டியது. என் கவனக்குறைவால் அவள் இல்லை. அவளுடைய ஆட்கள் எனக்குச் சால்வை போர்த்துவதா? வேண்டாம்.”

“ஃபிராவ் டொக்டர், அது முடிந்த கதை.”

“எனக்கு முடியவில்லை” என்று சொல்லிவிட்டு எழுந்து, மேசையில் எப்போதும் கிடக்கிற பச்சை நிறக் கொப்பிகளில் ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டார். அவற்றை நான் நூறு தடவை கண்டிருக்கிறேன். சமையல் குறிப்பு என்று நினைத்திருந்தேன். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, கிழமை, முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டது, தன்னோடு படித்த பத்துப் பேரின் பெயர், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்த இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சரி என்று ஒரு கோடு. ஆறு வருடம், கொப்பி கொப்பியாக, ஒரு நாள் விடாமல்.

“நான் அவளிடம் புற்றுநோய் என்ற சொல்லைச் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது” என்றார். “என்னுடைய குரல்கூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. நடக்காத ஒன்று இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தால் என் தலையில் ஏதோ பிழை. அதனால்தான் கிளினிக்கை மூடினேன். காரை விற்றேன். ஒவ்வொரு காலையும் சோதித்துப் பார்க்கிறேன். இன்னும் பிடிபடவில்லை. எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.”

டொக்டருக்கு வயது போய்விட்டது, களைத்துப்போய்த்தான் மூடினார் என்று ஆறு வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். விசாரணைக்குப் பிறகு வந்தது கண்டனக் கடிதம் ஒன்றுதானே, அதுவும் பைலோடு பூட்டப்பட்டுவிட்டது என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். மனுசி ஒவ்வொரு நாளும் எழும்பித் தன் மூளை அழுகிவிட்டதா என்று தட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவருடைய ஞாபகத்தில் ஒரு பிழையும் இல்லை. அவர் சொன்னார். நான்தான் சொல்லவில்லை.

2017, ஏப்ரல் மாதம். பியர்பொன்ட்ஸ் என்ற புறநகரில் இருந்து வந்த சிவமலர் என்ற பெண். ஐம்பத்தைந்து வயது. மாதவிடாய் நின்று நாலு வருடத்துக்குப் பிறகு இரத்தம் படுகிறது என்று வந்தாள். டொக்டர் சதை எடுத்து அனுப்பினார். முடிவு வந்த கடிதத்தைப் பிரித்தவள் நான். கர்ப்பப்பையில் புற்றுநோய், அதுவும் வேகமாகப் பரவுகிற வகை. ஆளோடு வரச்சொல்லுங்கள் என்று டொக்டர் சொல்ல, நான் ரெலிபோன் எடுத்து வரச்சொன்னேன். புருசன் தியாகலிங்கம் கூட்டிக்கொண்டு வந்தார். சிவமலர் கழுவறைக்குப் போன நேரம் அவர் என் மேசையடிக்கு வந்தார்.

“தங்கச்சி, கான்சரோ?”

நான் வாயைத் திறக்கவில்லை. தலை மட்டும் ஓமென்று ஆடியது. அந்தத் தலையை அன்றைக்கு யாராவது பிடித்து வைத்திருந்தால் நல்லது.

மனுசனுக்கு முகம் வெளுத்துப்போய்விட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. ஆவணியில பிள்ளையின்ர கலியாணம். தெரிஞ்சால் அவள் முகத்தில காட்டிப்போடுவாள், அவளுக்கு ஒண்டும் ஒளிக்கத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சுதெண்டால் பரம்பரை வருத்தமெண்டு பின்வாங்கிடுவினம். நாலு மாசம் தங்கச்சி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். பேந்து நானே சொல்லுறன்.”

எங்கள் ஆட்களிடம் இது புதினம் இல்லை. என் தகப்பனுக்கு ஈரலில் வந்தபோது நாங்களும் சொல்லவில்லை. நோயாளிக்குச் சொன்னால் மனம் உடைந்து சீக்கிரம் போய்விடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். சொல்லாமல் இருப்பதுதான் அன்பு, சொல்கிறவர் கல்நெஞ்சர். அன்றைக்கு எனக்கு டொக்டர் கல்நெஞ்சராகவும் நான் இளகிய மனசுக்காரியாகவும் தெரிந்தோம். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

உள்ளே போனோம். டொக்டர் பதிவான ஸ்டூலில் உட்கார்ந்து, சிவமலரின் கண்ணைப் பார்த்து ஜேர்மனில் சொன்னார். “உங்களுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் இருக்கிறது. கெட்ட வகை. ஆனால் ஆறு வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் நல்ல வாய்ப்பு உண்டு.” பிறகு வழக்கம்போல் மௌனமானார்.

நான் தமிழில் சொன்னேன். “கர்ப்பப்பையில ஒரு கட்டியாம் சிவமலர். அதை எடுக்கோணுமாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்.”

அவள் நெஞ்சில் கை வைத்துப் பெரிய மூச்சு விட்டாள். “அவ்வளவுதானே அக்கா? நான் என்னவோ ஏதோ எண்டு பயந்தே போனன். கலியாணம் முடியச் செய்யலாமோ எண்டு கேளுங்கோ.”

நான் டொக்டரிடம், “அறுவைச் சிகிச்சை எப்போது என்று கேட்கிறாள்” என்றேன்.

அறுவைச் சிகிச்சைக்கு மே மாதம் திகதி வந்தது. தியாகலிங்கம் அதைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்ட செய்தி எங்களுக்கு வந்ததும் டொக்டர் பதறிப்போய், உடனே எடுத்துக் கேளுங்கள் என்றார். எடுத்தேன். தியாகலிங்கம்தான் பேசினார். ரெலிபோனை வைத்துவிட்டு டொக்டரிடம் சொன்னேன். “மகளின் கல்யாணத்துக்குப் பிறகு செய்வதென்று முடிவெடுத்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துதான்.”

டொக்டர் சிவமலரின் பைலை எடுத்தார். “எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இது அவளுடைய உடம்பு. தெரிந்துகொண்டு ஒருத்தி எடுக்கிற முடிவில் நான் தலையிட முடியாது” என்று சொல்லி அதை அப்படியே அதில் எழுதினார்.

கல்யாணத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். சிவமலர் மெரூன் நிறப் பட்டுச் சேலையில் அங்குமிங்கும் ஓடித் திரிந்தாள். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, “அக்கா, சாப்பிடாமல் போகக்கூடாது” என்றாள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மறுபடி திகதி கிடைத்துக் கார்த்திகையில் வயிற்றைத் திறந்தபோது எல்லா இடமும் பரவியிருந்தது. தியாகலிங்கம் அதுவரை சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர், ரெலிபோன் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு, அவளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டார். அடுத்த ஆனியில் சிவமலர் செத்துப்போனாள்.

மகள் சாம்பவி சும்மா இருக்கவில்லை. அவள் இங்கே படித்த பிள்ளை. பைலைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறாள். ‘நோயாளி எல்லாம் தெரிந்து தள்ளிப்போடுகிறார்’ என்று அதில் கண்டதும் கொதித்துப்போய் மருத்துவர் சபையில் முறைப்பாடு கொடுத்தாள். விசாரணை நடந்தது. டொக்டர் எனக்கு இரண்டு கதிரை தள்ளி இருந்தார். விசாரித்த பெண் என்னிடம் கேட்டார். “டொக்டர் புற்றுநோய் என்ற சொல்லைப் பாவித்தாரா?”

ஓம் என்றால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். “இல்லை” என்றேன். “கட்டி என்றுதான் சொன்னார்.”

டொக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தன்னைச் சந்தேகப்பட்டார். பைலில் எழுதியிருந்தால் போதாது, நோயாளிக்கு விளங்கியதா என்று பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லி அவருக்குக் கண்டனம் கொடுத்தார்கள். காரில் என்னை வீட்டில் கொண்டுவந்து விடும்போது கேட்டார். “உண்மையாகவே நான் அப்படியா சொன்னேன், ஃபிராவ் அக்னெஸ்?” ஓம் என்றேன். இரண்டு மாதத்தில் கிளினிக்கை மூடினார்.

பாவசங்கீர்த்தனம் செய்யாமல் இல்லை. எங்கள் பங்குக் கோயிலில் செய்ய வெட்கப்பட்டு, தூரத்தில் ஒரு கோயிலில், முன்பின் தெரியாத குருவானவரிடம் உடைந்த இங்கிலிசில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. மூன்று செபமாலை சொல்லச் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே சொல்லி முடித்துவிட்டேன். அவ்வளவு மலிவாக முடிந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்தல்.

இப்போது அந்தப் பச்சைக் கொப்பி என் மடியில் இருந்தது. ஏழு ஏழாகக் கழித்த இலக்கங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “ஃபிராவ் டொக்டர், நீங்கள் சொன்னீர்கள். புற்றுநோய் என்றுதான் சொன்னீர்கள். நான் அவளுக்கு அதைச் சொல்லவில்லை.” பிறகு மிச்சம் எல்லாம் வந்தது. தியாகலிங்கம், கல்யாணம், ரெலிபோன், விசாரணை. எதையும் குறைக்கவில்லை.

டொக்டர் கொப்பியை என்னிடமிருந்து வாங்கினார். கடைசிப் பக்கத்தை விரலால் தடவினார். “அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லை” என்றார். ஒரு சிரிப்பு வந்தது, சின்னப் பிள்ளைகள் பரீட்சை முடிந்து வெளியே வரும்போது சிரிக்கிற மாதிரி. அது உடனே நின்றுவிட்டது. “என் தாயைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருந்தேன்.”

“ஓம்.”

“வீட்டுக்குப் போங்கள்.”

கட்லட் பெட்டியைக்கூட எடுக்காமல் வந்துவிட்டேன். பொன்னாடை வேண்டாமாம் என்று கஜந்தினிக்குச் சொன்னேன். ஏன் என்று குடைந்தாள். காரணம் நான்தான் என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. இனி டொக்டர் என் முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். ஐந்து நாள் கழித்து ரெலிபோன் வந்தது.

“அந்த மகளையும் தகப்பனையும் இங்கே கூப்பிடுங்கள். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டும். இந்தத் தடவை எல்லாவற்றையும்.”

சாம்பவி வரமாட்டாள் என்று நம்பியிருந்தேன். வந்தாள். சனிக்கிழமை மத்தியானம், குழந்தையைப் புருசனிடம் விட்டுவிட்டுத் தகப்பனைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். தியாகலிங்கம் கதவடியில் என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். எதற்குக் கூப்பிட்டிருக்கிறோம் என்று அந்த நிமிடமே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மனுசன் நன்றாக மெலிந்திருந்தார்.

டொக்டர் பதிவான ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். சாம்பவி பிரெஞ்சில் ஏதோ தொடங்க, டொக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். “உம்மோடு நான் பிரெஞ்சில் கதைக்கலாம். ஆனால் உம்முடைய தகப்பனுக்கும் விளங்க வேண்டும். ஃபிராவ் அக்னெஸ் தன் வாயால் சொல்லவும் வேண்டும்” என்று அவளிடம் சொல்லிவிட்டு ஜேர்மனுக்கு மாறினார்.

“உங்கள் தாய்க்குப் புற்றுநோய் என்று நான் முதல் நாளே சொன்னேன். இவர் அதை மாற்றிச் சொன்னார். பிறகு நான் சொல்லவில்லை என்று விசாரணையில் பொய் சொன்னார்.”

தமிழில் சொன்னேன். “அம்மாவுக்குக் கான்சரெண்டு டொக்டர் முதல் நாளே சொன்னவ. நான்தான் கட்டியெண்டு மாத்திச் சொன்னனான். விசாரணையிலயும் நான் பொய் சொன்னனான்.”

சாம்பவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மிகவும் மெல்லிய குரலில் கேட்டாள். “ஏன் அன்ரி?”

“என்ர பிழை பிள்ளை. அம்மா பயப்பிடுவா எண்டு நானாத்தான்...”

தியாகலிங்கம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் என்னைக் கூர்ந்து பார்த்து ஜேர்மனில் கேட்டார். “கேட்டது யார் என்று சொன்னீர்களா?”

“இல்லை. அவர் பாவம். விட்டுவிடுவோம்.”

“ஒருவருக்கு எது தெரிய வேண்டும் என்பதை மறுபடியும் நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.”

அது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தியாகலிங்கம் தானாகவே சொன்னார். “நான்தான் பிள்ளை சொல்லவேண்டாமெண்டு கேட்டனான். அக்னெஸை மறிச்சு வைச்சுக் கும்பிட்டுக் கேட்டனான்.”

“ஏனப்பா?”

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சாம்பவி என் பக்கம் திரும்பினாள். “நீங்கள் சொல்லுங்கோ அன்ரி. எல்லாத்தையும் சொல்லுறதெண்டுதானே எங்களைக் கூப்பிட்டனீங்கள்?”

ஆறு வருடம் நான் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். இதற்குப் பதில் இந்தப் பிள்ளையின் தலையில்தான் போய் விழும். “உம்மட கலியாணம் பிள்ளை” என்றேன். “அது முடியட்டுமெண்டு கேட்டவர்.”

அவள் விரலை மடித்தாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டாள். “அம்மா களைக்கிறா எண்டு நான் கண்டனான். கலியாணத்தைத் தள்ளிப்போடுவமோ எண்டு கேட்டனான். சின்னக் கட்டிதானே பிள்ளை, அக்னெஸ் அக்கா பயப்பிட ஒண்டுமில்லையெண்டு சொன்னவ எண்டு அம்மா சொன்னா.”

நான் சொன்ன அதே வசனம். சிவமலர் அதை ஒரு எழுத்து மாற்றாமல் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

டொக்டர் கேட்டார், “என்ன சொல்கிறாள்?” சொன்னேன். டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். “என்னுடையதையும் சொல்லுங்கள்” என்றார். “அன்றைக்கு அந்தச் செய்தியைச் சொன்னபோது உங்கள் தாயின் முகம் மலர்ந்தது. அந்தச் சொல்லைக் கேட்டு முகம் மலர்ந்த பெண்ணை நான் வாழ்க்கையில் கண்டதில்லை. ஏதோ பிழை என்று எனக்குத் தெரிந்தது. வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள். நான் மறுபடி கேட்கவில்லை.”

இதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் டொக்டர் சுத்தமாக வெளியே வந்துவிடுவார். சாம்பவி அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கலாம். நான் அவருக்குச் செய்யக்கூடிய ஒரே உபகாரம் அது என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பயமாக இருந்தது. முழுவதையும் சொன்னேன். பதினொரு பேர் என்பதையும் சொன்னேன்.

தகப்பனின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, சாம்பவி அவரைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். “நான் ஏன் உங்களில முறைப்பாடு குடுக்கேல்லை எண்டு தெரியுமோ அன்ரி? அம்மா கடைசிக் கிழமை ஆஸ்பத்திரியில எனக்குச் சொன்னவ. ‘அந்த வெள்ளைக்கார டொக்டர் எனக்கு ஒளிச்சுப்போட்டா. அக்னெஸ் அக்காவில கோவிக்காத. அது பாவம். டொக்டர் சொல்லுறதைத்தானே அவ சொல்லுவா. தெரிஞ்சிருந்தால் எனக்குச் சொல்லாமல் விட்டிருப்பாவோ?’”

டொக்டர் ஸ்டூலில் இருந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்ன சொன்னாள், ஃபிராவ் அக்னெஸ்?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சொல்லாமல் தப்பிவிடலாம். அடக்கிக்கொண்டு, சிவமலர் என்னைப் பற்றிச் சொன்னதையும் டொக்டரைப் பற்றிச் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் ஜேர்மனில் சொன்னேன்.